பழைய ஒரிஜினல் பாகங்களைச் சேர்த்து ஒரு வொர்க்ஸ்டேஷன்

பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் வொர்க்ஸ்டேஷன்களையும் (கனமான வேலைகளுக்கான மேசைக் கணினிகள்) சர்வர்களையும் மொத்தமாகக் கழித்துவிடுகின்றன. அந்தப் பெட்டிகள் பிரிக்கப்பட்டு, பிராசசர் தனி, ராம் தனி, மதர்போர்டு தனி என்று விற்பனைக்கு வருகின்றன. இவற்றை வாங்கத் தயங்குகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: பழசாயிற்றே, எத்தனை நாள் ஓடும்? பிராசசரைப் பொறுத்தவரை இந்தக் கவலைக்கு அதிக இடமில்லை. அதற்குரிய வோல்டேஜில் ஓடிய சில்லு பத்து ஆண்டில் தேய்ந்துவிடாது. தேய்பவை வேறு: விசிறியின் பேரிங், எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர், ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டியின் ஃபிளாஷ், சாக்கெட்டின் ஊசிகள். இவற்றைத் தவிர்த்துப் பார்த்தால், பழைய பாகங்களில் அசெம்பிள் செய்த கணினி எழுந்திருக்காமல் போவதற்குப் பெரும்பாலும் வயது காரணமல்ல, ஒன்றோடொன்று சேராத பாகங்களை வாங்கியதே காரணம்.

அதனால் பங்கீட்டை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. பிராசசர், ராம், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, கேபினட் ஆகியவற்றைப் பழையதாக வாங்கலாம். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பகுதி), இயங்குதளம் போடும் எஸ்எஸ்டி, விசிறிகள், போர்டில் போடும் சிஆர்2032 பேட்டரி, தெர்மல் பேஸ்ட் இவை புதிதாகவே இருக்கட்டும். டேட்டாவை வைக்கும் ஹார்ட் டிஸ்க் நடுவில் நிற்கிற விஷயம். அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் தேர்வு செய்ய வேண்டியது பிராசசரை அல்ல

மலிவாகக் கிடைக்கிறதே என்று பிராசசரை முதலில் வாங்கிவிட்டு அதற்குப் போர்டு தேடுகிறவர்கள் அதிகம். தேட வேண்டியது எதிர்த்திசையில். பிராசசர் ஏராளமாகக் கிடைக்கும், நல்ல மதர்போர்டுதான் அரிது. ஒரு தலைமுறையை முடிவு செய்து, போர்டைப் பிடித்த பிறகுதான் மற்றவை.

இன்றைக்குப் பழைய சந்தையில் அர்த்தமுள்ள இன்டெல் தலைமுறைகள் இரண்டு. இரண்டுமே சியான் எனப்படும் சர்வர், வொர்க்ஸ்டேஷன் பிராசசர்கள். முதலாவது, எல்ஜிஏ 2011-3 சாக்கெட்டில் உட்காரும் சியான் ஈ5 வி3, வி4. வி3 2014-இல் வந்தது, வி4 2016-இல். சிப்செட் (போர்டின் பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் சில்லு) சி612. நான்கு சேனல், அதாவது நான்கு பாதைகளில் ஓடும் டிடிஆர்4 ராம், பிராசசரிலிருந்தே 40 பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 லேன்கள் (கார்டுகளுக்கும் எஸ்எஸ்டிக்கும் டேட்டா போகும் தடங்கள்). இரண்டாவது, எல்ஜிஏ 2066 சாக்கெட்டில் 2017-இல் வந்த சியான் டபிள்யூ-2100 வரிசையும் அதன் பின்னால் வந்த டபிள்யூ-2200 வரிசையும். சிப்செட் சி422. 2100 வரிசையில் 48 லேன்கள், டிடிஆர்4-2666. சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் எக்ஸ்299 போர்டில் சியான் டபிள்யூ ஓடாது, சி422 கட்டாயம். இந்த விவரம் தெரியாமல் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

இதற்கும் முந்தைய ஈ5 வி1, வி2 கூட்டத்தை இனி தொட வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை, புதிய மென்பொருள்கள் சில அதனாலேயே திறக்க மறுக்கும். என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து நேரடியாக பூட் ஆவதும் பெரும்பாலான போர்டுகளில் கிடையாது. எச்பி இசட்420, இசட்620, இசட்820 பெட்டிகளில் இன்னொரு வம்பும் உண்டு. பயாஸில் (கணினியை எழுப்பும், போர்டிலேயே இருக்கும் நிரல்) காட்டும் பூட் பிளாக், அதாவது அதன் மாறாத அடிப்பகுதியின் தேதி 2011 என்றிருந்தால் அந்தப் போர்டு வி2 பிராசசரை ஒருபோதும் ஏற்காது. 2013 என்றிருந்தால்தான் ஏற்கும். பயாஸை அப்டேட் செய்தாலும் பூட் பிளாக் மாறாது.

விண்டோஸ் 11 தேவை என்றால் முடிவு எளிது. ஈ5 வரிசை எதுவும் மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இல்லை. சியான் டபிள்யூவை 2021 ஆகஸ்டில் பட்டியலில் சேர்த்தார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. லினக்ஸ் ஓட்டுகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஈ5 வி4 இன்னும் நன்றாகவே உழைக்கும்.

எந்த ஈ5? ஒரே கோரில் ஓடும் வேலை அதிகமா, எல்லாக் கோர்களையும் நிரப்பும் வேலை அதிகமா என்பதைப் பொறுத்தது. கேட் எனப்படும் கணினிப் பொறியியல் வரைபடம், புகைப்படத் திருத்தம் போன்றவற்றுக்கு வேகமான கோர் வேண்டும். ஈ5-1650 வி4-இல் கோர் ஆறுதான், ஆனால் அடிப்படை வேகம் 3.6, உச்சம் 4.0 கிகாஹெர்ட்ஸ், 140 வாட். ரெண்டரிங், கம்பைல், பல விர்ச்சுவல் மெஷின்கள் என்றால் ஈ5-2680 வி4: 14 கோர், 2.4 முதல் 3.3 கிகாஹெர்ட்ஸ், 120 வாட். 14 கோர் என்ற எண்ணைப் பார்த்து மயங்கி இதை வாங்கி, ஒரே கோரை மட்டும் நம்பும் மென்பொருளில் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டு வேலையும் கலந்து வரும் என்றால் டபிள்யூ-2145 பக்கம் போவதே மேல்: 8 கோர், 3.7 முதல் 4.5 கிகாஹெர்ட்ஸ்.

போர்டு

எச்பி இசட்440, டெல் பிரிசிஷன் டி5810, லெனோவோ திங்க்ஸ்டேஷன் பி510 இவை மூன்றும் எல்ஜிஏ 2011-3 தலைமுறைப் பெட்டிகள். அடுத்த தலைமுறையில் எச்பி இசட்4 ஜி4, டெல் பிரிசிஷன் 5820, லெனோவோ பி520. இந்தப் பெட்டிகளை கேபினட், எஸ்எம்பிஎஸ், ஹீட் சிங்கோடு முழுதாக வாங்கினால் லாபம். இவற்றின் போர்டை மட்டும் தனியாக வாங்குவது வீண் தலைவலி. எஸ்எம்பிஎஸ் இணைப்பு வழக்கமான 24 பின் அல்ல. முன்பக்க பட்டன், யுஎஸ்பி ஒயர்களும் அந்தந்த நிறுவனத்தின் சொந்த அமைப்பு. எதிர்பார்க்கும் விசிறி இல்லையென்றால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கை காட்டி, ஒரு கீயை அழுத்தும்வரை நிற்கும்.

மேலே சொன்ன பங்கீட்டுக்கு இங்கே ஒரு விலக்கும் உண்டு. பிராண்ட் பெட்டியில் எஸ்எம்பிஎஸ்ஸைப் புதிதாக மாற்றுவது சுலபமல்ல என்பதால் பழையதையே நம்ப வேண்டியிருக்கும். அப்படியானால் அதிக வாட் உள்ள வகையைத் தேடி வாங்குங்கள். டி5810 பெட்டி 425, 685, 825 வாட் என்று மூன்று வகையில் வந்தது. 425 வாட் வகையை வாங்கிவிட்டு பெரிய கிராபிக்ஸ் கார்டு போட நினைத்தால் இடிக்கும்.

தனிப் போர்டு வேண்டுமென்றால் ஏடிஎக்ஸ் அளவில் வந்த சூப்பர்மைக்ரோ, ஆசுஸ் போர்டுகளைத் தேடுங்கள். இரண்டு பிராசசர் போர்டுகள் பல எஸ்எஸ்ஐ ஈஈபி அளவு, அதாவது 305 க்கு 330 மில்லிமீட்டர். சாதாரண கேபினட்டில் அடங்காது. பெயர் தெரியாத நிறுவனங்களின் புத்தம்புதிய "எக்ஸ்99" போர்டுகள் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் பலவற்றில் இருப்பது வேறு போர்டுகளிலிருந்து கழற்றி ஒட்டிய சிப்செட். சிலவற்றில் எக்ஸ்99 சிப்செட்டே கிடையாது, எச்81, பி85 போன்ற சாதாரண டெஸ்க்டாப் சிப்செட்தான். பயாஸ் அப்டேட்டும் வராது. பழைய ஒரிஜினல் போர்டு அதைவிட எவ்வளவோ மேல்.

போர்டு கைக்கு வந்ததும் முதல் வேலை சாக்கெட்டைப் பார்ப்பது. எல்ஜிஏ வகையில் ஊசிகள் போர்டில் இருக்கின்றன. பிளாஸ்டிக் மூடி இல்லாமல் அனுப்பப்பட்ட போர்டை சந்தேகத்தோடுதான் திறக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடித்துக்கொண்டு நான்கு திசையிலிருந்தும் பாருங்கள். ஊசிகள் வரிசையாக ஒரே மாதிரி மின்ன வேண்டும். எங்காவது ஒளி விலகினால் அந்த ஊசி வளைந்திருக்கிறது. கைபேசிக் கேமராவில் மேக்ரோ படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பியதும் தெரியும். லேசான வளைவை மெல்லிய ஊசி முனையால் நிமிர்த்தலாம். இரண்டாம் முறை அதே ஊசியை வளைத்தால் உடையும்.

அடுத்தது பூட்டுகள். நிறுவனங்களிலிருந்து வரும் போர்டுகளில் பயாஸ் அட்மின் பாஸ்வேர்டு விட்டுப்போயிருக்கும். சில போர்டுகளில் அதை நீக்க ஜம்பர் உண்டு. இல்லாதவற்றில் பேட்டரியைக் கழற்றினாலும் போகாது. திருடுபோன கணினியைக் கண்டுபிடிக்க உதவும், அப்சல்யூட் நிறுவனத்தின் கம்ப்யூட்ரேஸ் "ஆக்டிவேட்" நிலையில் இருந்தால் அதை விடுவிக்க முந்தைய உரிமையாளரால்தான் முடியும். வாங்கும் முன் பயாஸ் திரையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கூலர் வாங்கும்போது சாக்கெட் சட்டத்தின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். சதுர வகையில் திருகுத் துளைகள் 80 க்கு 80 மில்லிமீட்டர். சர்வர் போர்டுகள் பலவற்றில் வருவது 56 க்கு 94 மில்லிமீட்டர் குறுகிய வகை. கடையில் கிடைக்கும் பெரும்பாலான டவர் கூலர்கள் சதுரத்துக்கு மட்டுமே பொருந்தும்.

பிராசசர்

மேல் தகட்டில் பொறித்திருக்கும் ஐந்தெழுத்துக் குறியீட்டைப் படியுங்கள். இந்தத் தலைமுறைகளில் விற்பனைக்கு வந்த இன்டெல் சில்லு என்றால் அது "எஸ்ஆர்" என்று தொடங்கும். ஈ5-2680 வி4-இன் குறியீடு எஸ்ஆர்2என்7. "க்யூ" என்று தொடங்கினாலோ, "இன்டெல் கான்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தாலோ அது சோதனை மாதிரி. அவை விற்பனைக்கு உரியவையே அல்ல. வேகம் குறைவாக இருக்கும், சில வசதிகள் வேலை செய்யாது, பயாஸில் அதற்கான மைக்ரோகோட் (அந்தச் சில்லுக்குரிய உள் நிரல்) இல்லாவிட்டால் போர்டு கண்விழிக்கவே செய்யாது. தகட்டைத் தேய்த்து வேறு எண் பொறித்தவையும் சந்தையில் உண்டு. எழுத்தை ஏமாற்றலாம், சில்லுக்குள் இருக்கும் அடையாளத்தை ஏமாற்ற முடியாது. சிபியு-இசட் நிரலோ லினக்ஸோ உண்மைப் பெயரைச் சொல்லிவிடும்.

ஏஎம்டி பக்கம் வேறொரு கண்ணி. திரெட்ரிப்பர் புரோ, எபிக் பிராசசர்களில் பிளாட்பார்ம் செக்யூர் பூட் என்ற ஏற்பாடு உண்டு. லெனோவோ, டெல் போன்ற நிறுவனங்களின் பெட்டியில் அதை ஆன் செய்து ஒருமுறை ஓடிவிட்டால், சில்லுக்குள் இருக்கும் ஃபியூஸ் நிரந்தரமாக எரிக்கப்பட்டு அந்தப் பிராசசர் அதே நிறுவனப் போர்டில் மட்டுமே ஓடும். லெனோவோ பி620 பெட்டியிலிருந்து கழற்றிய திரெட்ரிப்பர் புரோவை வேறு போர்டுக்கு வாங்க வேண்டாம். சில்லு ஒரிஜினல்தான், கோளாறும் இல்லை, ஆனாலும் உங்கள் போர்டில் அது கல்.

வி3-யோடு வெளிவந்த போர்டில் வி4-ஐப் போடுவதாக இருந்தால் பயாஸ் புதியதா என்று முதலில் பாருங்கள். பழைய பயாஸில் வி4 தெரியாது, திரை கறுப்பாகவே இருக்கும். ஆசுஸின் எக்ஸ்99 போர்டுகளில் பிராசசர் இல்லாமலேயே யுஎஸ்பி வழியாக பயாஸ் ஏற்றும் வசதி உண்டு. மற்றவற்றில் ஏதாவதொரு வி3 பிராசசரை இரவல் வாங்கித்தான் அப்டேட் செய்ய வேண்டும்.

ராம்: தவறு அதிகம் நடக்கும் இடம்

டிடிஆர்4 ராமில் மூன்று குலங்கள். சாதாரண டெஸ்க்டாப்பில் இருப்பது யுடிஐஎம்எம். சர்வர்களிலிருந்து வருவது ஆர்டிஐஎம்எம் அல்லது எல்ஆர்டிஐஎம்எம். டிடிஆர்4-இல் மூன்றுக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருப்பதால் எந்த ஸ்லாட்டிலும் சிரமமில்லாமல் நுழைந்துவிடும், ஆனால் ஓடாது. டெஸ்க்டாப் ரைசன் போர்டில் ஆர்டிஐஎம்எம் போட்டால் படமே வராது. சியான் டபிள்யூ-2100-இல் நேர்மாறாக யுடிஐஎம்எம் ஓடாது. ஒரு போர்டில் இரண்டு குலத்தைக் கலக்கவும் முடியாது. டிடிஆர்5-இல் வெட்டின் இடத்தையே மாற்றிவிட்டார்கள், அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

ஸ்டிக்கரைப் படிக்கத் தெரிந்தால் விற்பவரை நம்ப வேண்டிய தேவையே இருக்காது. "16ஜிபி 2ஆர்எக்ஸ்4 பிசி4-2400டி-ஆர்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2ஆர் என்பது இரண்டு ரேங்க், அதாவது சேர்ந்து இயங்கும் சில்லுகளின் இரண்டு தொகுதி. எக்ஸ்4 என்பது ஒவ்வொரு சில்லும் நான்கு பிட் அகலம். 2400-ஐ அடுத்துவரும் டி தாமத வகை. அதற்கடுத்த கோட்டுக்குப் பின் வரும் எழுத்துதான் முக்கியம்: ஆர் என்றால் ஆர்டிஐஎம்எம், எல் என்றால் எல்ஆர்டிஐஎம்எம், ஈ என்றால் ஈசிசி (பிழையைத் தானே திருத்தும் வசதி) உள்ள யுடிஐஎம்எம், யு என்றால் சாதாரணம். சாம்சங் ராமின் பாக எண்ணிலும் இதைப் பார்க்கலாம்: எம்393 ஆர்டிஐஎம்எம், எம்386 எல்ஆர்டிஐஎம்எம், எம்391 ஈசிசி யுடிஐஎம்எம், எம்378 சாதாரணம்.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் சில்லுகளை எண்ணலாம். ஈசிசி ராமின் அகலம் 72 பிட். எக்ஸ்8 சில்லு என்றால் ஒரு ரேங்குக்கு 9, எக்ஸ்4 என்றால் 18. ஆக 2ஆர்எக்ஸ்4-இல் இரு பக்கமும் சேர்த்து 36 சில்லுகள் இருக்கும். ஆர்டிஐஎம்எம்மில் நடுவில் தனியாக ஒரு ரெஜிஸ்டர் சில்லும் தெரியும்.

நான்கு சேனல் பிராசசரில் நான்கு ராம் போட வேண்டும், ஒரு சேனலுக்கு ஒன்று. 64 ஜிபி வேண்டுமென்றால் 32 ஜிபி இரண்டைவிட 16 ஜிபி நான்கு நல்லது. பாதி சேனலை விட்டுவிட்டால் ராமின் வேகத்தை நம்பும் வேலைகளில் தொய்வு கண்ணுக்கே தெரியும். எந்த ஸ்லாட்டை முதலில் நிரப்புவது என்பதைப் போர்டின் கையேடு சொல்லும், நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். வேகத்தைத் தீர்மானிப்பதில் பிராசசருக்கும் பங்குண்டு. 2400 ராமை வி3 பிராசசரோடு போட்டால் 2133-இல்தான் ஓடும். பழுதல்ல, அது அவ்வளவுதான். 2133 ராம் கூடுதல் மலிவு என்றால் வி3-க்கு அதையே வாங்கலாம்.

கிராபிக்ஸ் கார்டு

போலிகள் அதிகம் நடமாடுவது இங்கேதான். பழைய ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ கார்டுகளின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்பது வெகுகாலமாக நடக்கிற மோசடி. விண்டோஸ் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் நிரல் 2018-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து இத்தகைய கார்டுகளைப் போலி என்று குறித்துக்காட்டுகிறது. வாங்கும் இடத்திலேயே ஓட்டிப் பாருங்கள்.

வொர்க்ஸ்டேஷனுக்கு நிறுவனங்கள் கழித்துவிடும் குவாட்ரோ கார்டுகள் நல்ல தேர்வு. சத்தம் குறைவு, ஒரே ஸ்லாட் அகலம், மின்சாரத் தேவையும் குறைவு. பி2000-இல் 5 ஜிபி நினைவகம், 75 வாட், தனி ஒயரே வேண்டாம். பி4000-இல் 8 ஜிபி, 105 வாட், ஒரு 6 பின் ஒயர். ஆர்டிஎக்ஸ் ஏ4000-இல் 16 ஜிபி, 140 வாட், அதுவும் ஒற்றை ஸ்லாட்டில். இன்று வாங்குவதாக இருந்தால் பி வரிசையை ஒருமுறை யோசித்துச் செய்யுங்கள். அது பாஸ்கல் தலைமுறை. என்விடியாவின் 580 டிரைவர் கிளைதான் பாஸ்கலுக்குக் கடைசி, கார்டில் கணக்கீடு செய்ய உதவும் என்விடியாவின் "கூடா" மென்பொருளின் 13-ஆம் பதிப்பிலும் அதற்கு இடமில்லை. கேட் வரைவதற்கு மட்டும் என்றால் இது தடையல்ல. ஏஐ மாடல்கள் ஓட்ட நினைத்தால் டூரிங் அல்லது அதற்குப் பிந்தையதற்குப் போய்விடுங்கள்.

இன்டெல் ஆர்க் கார்டை இந்தப் பழைய சியான்களில் போட வேண்டாம். அது ரீசைசபிள் பார் வசதியை (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடுவது) நம்பி ஓடுகிறது, சி612 போர்டுகளின் ஒரிஜினல் பயாஸில் அதை எதிர்பார்க்க முடியாது. கார்டு ஓடும், பாதி பலத்தில்.

சோதனைக்கு மெம்டெஸ்ட் வல்கன் அல்லது ஓசிசிடியின் வீடியோ நினைவகச் சோதனையை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஒரு பிழை வந்தாலும் கார்டு வேண்டாம். ஈசிசி உள்ள கார்டுகளில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை, ஒதுக்கப்பட்ட நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கையையும் காட்டும். பின்புறம் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது தெர்மல் பேடிலிருந்து கசியும் சிலிகான், துடைத்தால் போய்விடும். பேடை மாற்றும்போது மட்டும் பழையதன் தடிமனை அளந்து அதே தடிமனில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட் சிங்க் சில்லின் மேல் சரியாக உட்காராது.

சேமிப்பு

பழைய எஸ்எஸ்டியில் பார்க்க வேண்டியவை மூன்று: எத்தனை சதவீதம் தேய்ந்திருக்கிறது, கையிருப்பு பிளாக்குகள் எவ்வளவு மிச்சம், டேட்டா பிழைகள் எத்தனை. கடைசியது பூஜ்யமாக இருக்க வேண்டும். சர்வருக்கென்று செய்த எஸ்எஸ்டிகள் பாதி தேய்ந்த பிறகும் புதிய மலிவு எஸ்எஸ்டியைவிட அதிக எழுத்தைத் தாங்குவது உண்டு. அவற்றை இரண்டாவது டிஸ்க்காகத் தாராளமாக வைக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் ஸ்மார்ட் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்வது) பட்டியலின் 5, 197, 198 எண்ணுள்ள வரிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் காரணம், டிஸ்க் அல்ல. ஓடிய மணிக்கணக்கை அழித்துவிட்டு விற்பது நடக்கிறது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவேடு உள்ளே இருக்கிறது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்கலாம். இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

சர்வர்களில் வரும் சாஸ் வகை டிஸ்க் மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால் சாட்டா கேபிள் அதில் நுழையவே நுழையாது, தனி கண்ட்ரோலர் கார்டு வேண்டும். சேமிப்பகங்களிலிருந்து கழற்றிய சாஸ் டிஸ்க் சில 520 பைட் செக்டரில் இருக்கும். 512-க்கு மாற்றி ஃபார்மட் செய்யும்வரை இயங்குதளம் அதைத் தொடாது. சர்வர் சாட்டா டிஸ்க் சுழலவே இல்லையென்றால் அது செத்துவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். சாட்டா மின்னிணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்திருக்கும்படி அவை சில செய்யப்பட்டிருக்கின்றன. அந்தப் பின்னை மட்டும் காப்டன் டேப்பால் மூடினால் ஓடும்.

எஸ்எம்பிஎஸ் ஏன் புதிதாக

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி வெப்பம் ஏறும்போதும் ஏறக்குறைய பாதியாகும். பழைய எஸ்எம்பிஎஸ் எந்த வெப்பத்தில் எத்தனை ஆண்டு கிடந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. மல்டிமீட்டரில் 12 வோல்ட் ஒயர் 11.4 முதல் 12.6 வரை காட்டினால் வரம்புக்குள் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் சுமையில்லாமல் அளந்த எண், சுமை ஏறும்போது என்ன நடக்கும் என்று சொல்லாது. இது பழுதானால் தான் மட்டும் போகாமல் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும் பாகம். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் இதுவல்ல.

கணக்கு இப்படி: பிராசசர் 140, கார்டு 140, எட்டு ராமுக்கு 30 வாக்கில், போர்டுக்கும் விசிறிகளுக்கும் 50, இரண்டு ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 50. மொத்தம் 410. 600 முதல் 650 வாட் எடுத்தால் மூச்சுத் திணறாது. மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வந்த கேபிளை மட்டுமே பயன்படுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி இல்லை. வேறு நிறுவனக் கேபிளைச் செருகினால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க்குகள் கருகும். பிராசசருக்கான 8 பின்னும் கார்டுக்கான 8 பின்னும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் நேர், தரை இணைப்புகள் தலைகீழ். அழுத்தித் திணித்தால் ஷார்ட்தான்.

அசெம்பிள் செய்வது

கேபினட்டில் பூட்டுவதற்கு முன் போர்டை அட்டைப் பெட்டி மேல் வைத்து, ஒரு பிராசசர், ஒரு ராம், ஒரு கார்டு மட்டும் போட்டு எழுப்பிப் பாருங்கள். சியான் ஈ5-இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் படம் வராது. ரிமோட் மேலாண்மைச் சில்லு உள்ள சர்வர் போர்டுகளில் மட்டும் விஜிஏ வெளியீடு இருக்கும். முதல்முறை ராமைப் பழக்கிக்கொள்ள இந்தப் போர்டுகள் ஓரிரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாக இருக்கிறதென்று அவசரப்பட்டு அணைக்காதீர்கள்.

பிராசசரின் அடிப்புறப் பொட்டுகளை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு வையுங்கள். மேல் தகடு பெரியது என்பதால் நடுவில் ஒரு சொட்டு பேஸ்ட் மூலைவரை பரவாது. நடுவில் ஒன்று, நான்கு மூலைப் பக்கம் நான்கு என்று சிறு புள்ளிகளாக வையுங்கள். கூலர் திருகுகளை எதிர் மூலை மாற்றி மாற்றி, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும்.

இந்த இறுக்கம் வெப்பத்தோடு முடிகிற விஷயமல்ல. நான்கு ராம் போட்டு மூன்று மட்டும் தெரிகிறதென்றால் பலரும் ராமையோ ஸ்லாட்டையோ சந்தேகிப்பார்கள். முதலில் ராமை இடம் மாற்றிப் பாருங்கள். எந்த ராமைப் போட்டாலும் அதே சேனல்தான் காணாமல் போகிறதென்றால் குற்றவாளி சாக்கெட்: அந்தச் சேனலுக்கான ஊசி வளைந்திருக்கும், பொட்டில் பேஸ்ட் ஒட்டியிருக்கும், அல்லது கூலர் ஒரு பக்கம் அதிகமாக இறுகி மறுபக்கம் பிராசசர் லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும். கழற்றித் துடைத்து, சமமாக இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கார்டு 16 லேனுக்குப் பதில் 8 லேனில் ஓடுவதற்கும் இதே காரணங்கள், கூடவே கார்டின் தங்க விளிம்பில் படிந்த அழுக்கு. ஆனால் சும்மா இருக்கும்போது பிசிஐ எக்ஸ்பிரஸ் 1.1 என்று காட்டுவது மின்சாரச் சிக்கனம், கோளாறல்ல. சுமை கொடுத்துவிட்டுப் பாருங்கள்.

கேபினட்டில் பூட்டும்போது போர்டுக்கு அடியில் தேவையில்லாத ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகக் கால்) ஒன்றுகூட இருக்கக் கூடாது. சர்வர் கண்ட்ரோலர் கார்டு, அதிவேக நெட்வொர்க் கார்டு எதுவும் போட்டிருந்தால் அதன் ஹீட் சிங்க்மேல் காற்று படும்படி ஒரு விசிறி வையுங்கள். அவை சர்வரின் பலத்த காற்றோட்டத்தை நம்பிச் செய்தவை, அமைதியான கேபினட்டில் கொதித்துவிடும்.

சோதிக்கும் வரிசை

பேட்டரியை மாற்றி, பயாஸைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவந்த பின் முதல் சோதனை ராமுக்கு. இயங்குதளத்தை அதற்கு முன் நிறுவ வேண்டாம். பழுதான ராமில் நிறுவினால் கோப்புகளே கெட்டுப் பதிவாகும், பிறகு எது மென்பொருள் கோளாறு எது ராம் கோளாறு என்று பிரிக்க முடியாது. மெம்டெஸ்ட்86+ 6-ஆம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையதை யுஎஸ்பியில் போட்டு முழுச் சுற்று குறைந்தது இரண்டு ஓட்டுங்கள். 64 ஜிபிக்கு ஒரு சுற்றே சில மணி நேரம் பிடிக்கும்.

ஈசிசி ராமில் ஒரு மறைவான சிக்கல் உண்டு. ஒற்றை பிட் பிழையை ஈசிசி அந்த நொடியே திருத்திவிடும். மெம்டெஸ்ட் பிழையில்லை என்று சொல்லும், ராமோ பழுதாகிக்கொண்டே இருக்கும். திருத்தங்களின் எண்ணிக்கையைத் தனியாகப் பார்க்க வேண்டும். லினக்ஸில் ராஸ்டேமன் நிரல் எந்த ஸ்லாட்டில் எத்தனை என்று கணக்கு வைக்கும். விண்டோஸில் ஈவென்ட் வியூவரில் வீயா-லாகர் பதிவுகளைத் தேடுங்கள்: 47 ராமில் திருத்தப்பட்ட பிழை, 17 பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பில் திருத்தப்பட்டது.

அடுத்து பிராசசர். முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 நிரல் ஒரு மணி நேரம் ஓடட்டும், வெப்பத்தையும் வேகத்தையும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நிரலில் கவனியுங்கள். வேகம் அடிப்படை அளவுக்குக் கீழே விழுந்தால் கூலரோ, போர்டின் மின்சீராக்கிப் பகுதியின் சூடோ காரணம். பிறகு கார்டை மட்டும், பிறகு இரண்டையும் சேர்த்து. எஸ்எம்பிஎஸ்ஸின் பலவீனம் இந்தக் கடைசிச் சோதனையில்தான் வெளிப்படும், கணினி திடீரென்று அணைந்து தானே மீண்டும் எழும். ஹார்ட் டிஸ்க்குக்கு ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை இரவில் விட்டுவிடலாம்.

எல்லாம் தேறிய பிறகும் முதல் ஒரு மாதம் வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பிழைப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். எப்போதோ ஒரு திருத்தம் வந்தால் விட்டுவிடலாம். ஒரே ஸ்லாட்டிலிருந்து திரும்பத் திரும்ப வந்தால் அந்த ராமை வேறு சேனலுக்கு மாற்றுங்கள். பிழை ராமோடு கூடப் போனால் ராமைத் திருப்பிக் கொடுங்கள். பழைய ஸ்லாட்டிலேயே தங்கிவிட்டால் கூலரைக் கழற்றிச் சாக்கெட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.